வட நார்வேயில் சிறுகப்பலில் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நார்வேயின் வடகோடியில் ஒரு சிறுகப்பலில் ஒரு வாரம் தங்கி, ஓர்க்கா என்ற கொலையாளித் திமிங்கலமும் கூன்முதுகுத் திமிங்கலமும் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது சரியாக எங்கே இருக்கிறது?

விமானத்தில் இறங்க வேண்டிய ஊர் ட்ரோம்சோ. ஆர்க்டிக் வட்டத்திலிருந்து இன்னும் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்காகப் படகில் மூன்று, நான்கு மணி நேரம் போனால் ஷெர்வாய் என்ற சின்ன மீன்பிடி ஊர் வரும். அதற்குக் கிழக்கே க்வெனாங்கன் ஃபியோர்டு. ஃபியோர்டு என்றால், பனியாறு பல்லாயிரம் ஆண்டுகள் குடைந்து வைத்த பள்ளத்தாக்கில் கடல் உள்ளே வந்து நிரம்பிய இடம். இருபுறமும் மலை செங்குத்தாக எழும்பி நிற்கும், நடுவில் தண்ணீர் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் இருக்கும்.

ஷெர்வாய்க்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. நார்வே ஆய்வுப் பயணி நான்சென் வடதுருவத்தை நோக்கிக் கொண்டுபோன 'ஃப்ராம்' கப்பல், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பனிக்கட்டியில் சிக்கி மிதந்துவிட்டு 1896 ஆகஸ்டில் கரைசேர்ந்தது இந்த ஊரில்தான்.

திமிங்கலங்கள் ஏன் அங்கே வருகின்றன?

ஹெர்ரிங் மீனுக்காக. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எப்போது போகலாம், எந்த ஊரில் ஏறலாம், பார்க்க முடியுமா முடியாதா என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த மீனிடம்தான் இருக்கிறது.

ஹெர்ரிங் நம் ஊர் மத்திக்கு உறவுமுறை. வெள்ளி நிறம், ஏறக்குறைய ஓர் அடி நீளம், கூட்டமாகவே வாழும். கோடையெல்லாம் நார்வேஜியன் கடலில் மேய்ந்து கொழுத்துவிட்டு, குளிர்காலத்தில் ஏறக்குறைய எதுவும் தின்னாமல், அடர்த்தியான கூட்டமாக ஓரிடத்தில் ஒதுங்கிக் கிடக்கும். பிறகு தெற்கே போய் முட்டையிடும். ஒதுங்கிக் கிடக்கும் அந்த இரண்டு, மூன்று மாதம்தான் ஓர்க்காக்களுக்குப் பந்தி.

எந்த ஃபியோர்டில் ஒதுங்குவது என்பதை அது மாற்றிக்கொண்டே இருக்கும். 1960களின் கடைசியில் இந்த மீன்வளமே ஏறக்குறைய அழிந்துபோனது. எதிரொலியால் மீன்கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் விசையால் இழுக்கும் சுருக்குமடி வலையும் சேர்ந்து வழித்தெடுத்துவிட்டன. (சுருக்குமடி பற்றி நம் மீனவர் ஊர்களில் நடக்கும் சண்டையைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.) கடுமையான கட்டுப்பாடு போட்டு, மீண்டு வர இருபது ஆண்டு ஆனது. 1990களில் ஹெர்ரிங் தெற்கே டூஸ்ஃபியோர்டில் ஒதுங்கியது. ஓர்க்கா பார்க்க உலகமே அங்கே போனது. பிறகு திறந்த கடலுக்குப் போய்விட்டது. 2010களின் தொடக்கத்தில் ட்ரோம்சோவுக்குப் பக்கத்திலேயே க்வாலோயா தீவு ஓரம் வந்து நின்றது. அந்தத் தீவின் பெயருக்கே 'திமிங்கலத் தீவு' என்றுதான் பொருள். 2017 வாக்கில் அங்கிருந்தும் கிளம்பி ஷெர்வாய், க்வெனாங்கன் பக்கம் போனது. படகுகளும் பின்னாலேயே போயின.

அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு அறை போடாதீர்கள். முந்தைய குளிர்காலத்தில் எங்கே பார்த்தார்கள் என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் ஜனவரி நடு வரை. ட்ரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனால் ஜனவரி 15 வாக்கில்தான் மறுபடி தலைகாட்டும். நவம்பர் முதல் பாதியில் போனால் கொஞ்சமாவது வெயில் இருக்கும். ஆனால் மீன் இன்னும் முழுதாக வந்து சேராமல் இருக்கலாம். டிசம்பரில் மீன் இருக்கும், வெளிச்சம் குறைவு. என்னைக் கேட்டால் நவம்பர் நடுவிலிருந்து கடைசி வாரம் வரை.

சூரியனே இல்லை என்றால் எதைப் பார்ப்பது?

நானும் இருபத்திநான்கு மணி நேரமும் கும்மிருட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. காலை ஒன்பதரை, பத்துக்கு வானம் வெளுக்கத் தொடங்கும். தெற்கே அடிவானத்தில் ரோஜா நிறம், மற்ற பக்கமெல்லாம் நீலம், மலைப் பனியிலும் அதே நீலம். மதியம் ஒன்றரை, இரண்டுக்கு மறுபடி மங்கிவிடும். நம் ஊரில் விடியலுக்குச் சற்று முன் வரும் வெளிச்சம் நான்கு மணி நேரம் அப்படியே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் பார்ப்பதுதான். மேகம் மூடி மழையோ பனியோ பெய்தால் அந்த வெளிச்சமும் பாதியாகிவிடும்.

'சிறுகப்பல்' என்றால் எத்தனை பேர்?

பெரும்பாலும் 12 பயணிகள். இந்த எண்ணுக்குக் காரணம் இருக்கிறது: 12 பேருக்கு மேல் ஏற்றினால் கடல் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தப்படி அது 'பயணிகள் கப்பல்' ஆகிவிடும், விதிகள் பல மடங்கு கூடும். அதனால் பழைய மீன்பிடிக் கப்பலையோ பாய்மரக் கப்பலையோ மாற்றிக் கட்டியவர்கள் 12-இல் நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பெரிய, நூறு பேர் போகும் கப்பல்களும் தங்களைச் சிறுகப்பல் என்று சொல்லிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கில் ஏற்றும் கப்பலோடு ஒப்பிட்டால் அதுவும் சிறிதுதான். முன்பதிவுக்கு முன் எண்ணிக்கையைக் கேட்டுவிடுங்கள்.

கேபின் ஆடம்பரமாக இருக்காது. இரண்டு பேருக்கு அடுக்குப் படுக்கை, பெட்டி வைக்கக் கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் இடம். கழிவறை பல கப்பல்களில் பொது. சக்கரம் வைத்த பெரிய பெட்டி கொண்டுபோனால் வாரம் முழுக்க அதைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். துணிப்பை போதும்.

ட்ரோம்சோவில் இருந்து ஒரே நாளில் போய்வரும் படகு இருக்கிறதே, அது போதாதா?

பலருக்குப் போதும். ஆனால் கணக்கைப் பாருங்கள். வெளிச்சமே நான்கு மணி நேரம். ஷெர்வாய்க்குப் போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. காலை இருட்டில் கிளம்பி மாலை இருட்டில் திரும்பினால் திமிங்கலம் இருக்கும் இடத்தில் நிற்பது இரண்டு, மூன்று மணி நேரம்தான். அந்த நாளில் காற்று அடித்தால் அதுவும் போச்சு. சிறுகப்பல் இரவும் அங்கேயே ஃபியோர்டுக்குள் நிற்கும். விடிந்ததும் மேல்தளத்துக்கு வந்தால் வேலை தொடங்கிவிட்டது. மூன்று நாள் மோசமாக இருந்தாலும் நான்காம் நாள் கையில் இருக்கிறது. நாங்கள் போனபோது முதல் இரண்டு நாளும் கடற்காகங்களைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷோடு ஓடிவந்தோம்.

நடுவழியாக இன்னொன்றும் உண்டு: பேருந்திலோ, 1893-இல் தொடங்கி, இப்போது பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை ஓடும் கடலோரக் கப்பலிலோ ஷெர்வாய் போய் அங்கேயே தங்கி, தினமும் சின்னப் படகில் போகலாம். செலவும் குறையும்.

என்னென்ன திமிங்கலம் பார்க்கலாம்?

ஓர்க்கா, கூன்முதுகு, அதிர்ஷ்டம் இருந்தால் துடுப்புத் திமிங்கலம்.

ஓர்க்கா உண்மையில் டால்பின் குடும்பம். கறுப்பு, வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டு. வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பு 1.8 மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். ஒரு ஆள் உயரம். தூரத்தில் முதலில் தெரிவது அதுதான். குடும்பமாக வரும், தாய்தான் மையம். மகன்கள் வளர்ந்தும் தாயைவிட்டு அதிகம் விலகுவதில்லை. (இதைக் கேட்டுக் கப்பலில் இருந்த எல்லா அம்மாக்களும் ஒருமுறை தலையாட்டினார்கள்.)

அவை ஹெர்ரிங் பிடிக்கும் விதம்தான் இந்தப் பயணத்தின் உயிர். ஆழத்தில் இருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, சுற்றிச் சுற்றி நீந்தி, வெள்ளை வயிற்றைக் காட்டி மிரட்டி, குமிழி விட்டு, மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் மட்டத்துக்கு வரும்போது மீன்கள் இறுகிப் பந்தாகிவிடும். அப்போது ஒன்று திரும்பி வாலால் ஓங்கி அடிக்கும். அடிபட்டு மயங்கிய மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். அவசரமே கிடையாது. மேலே நின்று பார்க்கும் நமக்குத் தண்ணீர் கொதிப்பது போலவும், செதில்கள் வெள்ளிப் பொடி தூவியது போலவும் தெரியும். மற்றதெல்லாம் கீழே நடக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஓர்க்கா பந்தி போட்டதும் கூன்முதுகுத் திமிங்கலம் கீழிருந்து வாயைப் பிளந்துகொண்டு வந்து பாதிப் பந்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போகும். கல்யாணத்துக்கு அழைக்காமல் வந்து முதல் பந்தியில் உட்காரும் உறவுக்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார். நீளம் 13, 14 மீட்டர், எடை 25, 30 டன். பேரன்ட்ஸ் கடலில் கோடையைக் கழித்துவிட்டு, இனப்பெருக்கத்துக்காகக் கரீபியன் கடலுக்கு ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் போகும் வழியில் இங்கே நின்று சாப்பிட்டுக்கொள்கிறது. அங்கே போனால் பல வாரம் பட்டினி.

துடுப்புத் திமிங்கலம் நீலத் திமிங்கலத்துக்கு அடுத்த பெரியது. பெரும்பாலும் உயரமான மூச்சுத் தூணும் நீண்ட முதுகும் மட்டும் தெரியும், போய்விடும்.

வானத்தையும் பாருங்கள். வெண்வால் கடற்கழுகு இரண்டரை மீட்டர் அளவு இறக்கையை விரித்து மிச்ச மீனுக்கு வரும். நார்வேயில் 1968-இல் சட்டப் பாதுகாப்பு கொடுத்த பிறகு பெருகிய பறவை அது.

நீலத் திமிங்கலம்?

இங்கே குளிர்காலத்தில் எதிர்பார்க்காதீர்கள். அதுதான் ஆசை என்றால் இவ்வளவு தூரம் வரவே வேண்டாம். இலங்கையின் மிரிஸ்ஸவிலோ திருகோணமலையிலோ பருவம் பார்த்துப் போங்கள். குல்லாவும் வேண்டாம்.

கோடையில்தான் விடுமுறை. அப்போது போனால்?

அப்போது ஹெர்ரிங் இல்லை, அதனால் இந்தக் காட்சியும் இல்லை. ஆனால் தெற்கே ஆண்டெனெஸ் என்ற ஊரில் எண்ணெய்த் திமிங்கலம் பார்க்கலாம். கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருப்பதால் கணவாய் மீன் பிடிக்க அவை அங்கே வருகின்றன. எல்லாமே ஆண்கள், பெண்களும் குட்டிகளும் வெதுவெதுப்பான கடல்களிலேயே தங்கிவிடும். அரை மணி, முக்கால் மணி நேரம் மூழ்கியிருக்கும் என்பதால் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அது எழுப்பும் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டு எங்கே எழும்பும் என்று கணிப்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் 'திமிங்கல உமிழ்நீர் பறிமுதல்' என்று செய்தி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸ் இந்த வகைத் திமிங்கலத்தின் குடலில் உருவாவதுதான். உமிழ்நீர் இல்லை.

கட்டாயம் பார்த்துவிடலாமா?

பருவத்தில் ஒரு வாரம் இருந்தால் ஏதாவது பார்க்காமல் திரும்புவது அரிது. ஆனால் எப்படிப் பார்ப்போம் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. விளம்பரப் படத்தில் திமிங்கலம் முழு உடம்போடு தண்ணீருக்கு வெளியே எகிறும். ஹெர்ரிங் பருவத்தில் அது சாப்பிட வந்திருக்கிறது. நிறையப் பார்ப்பது முதுகு, மூச்சு, வால். '100 சதவீத உறுதி' என்று எழுதியிருந்தால் அடுத்த வரியைப் படியுங்கள். பார்க்காவிட்டால் இன்னொரு நாள் இலவசம் என்றிருக்கும். விமான டிக்கெட் எடுத்து வந்தவருக்கு அதில் என்ன லாபம்?

நாம் போய்ச் சுற்றி நிற்பது அவற்றுக்குத் தொந்தரவு இல்லையா?

தொந்தரவுதான். ஓர்க்கா ஒலியால்தான் மீனைத் தேடுகிறது, ஒலியால்தான் குடும்பத்தோடு பேசுகிறது. எஞ்சின் இரைச்சல் இரண்டையும் மூடும். ஒரே குடும்பத்தைச் சுற்றி ஏழெட்டுப் படகு நிற்பதை நானே பார்த்தேன், நன்றாக இல்லை. எங்கள் கேப்டன் அந்த இடத்துக்குப் போகவே மறுத்துவிட்டு வேறு கிளை ஃபியோர்டில் நிறுத்தினார். அன்று சிலருக்குக் கோபம்.

நல்ல கேப்டன் எதிரே போய் மறிக்கமாட்டார், பின்னால் துரத்தமாட்டார். பக்கவாட்டில் மெதுவாக, அவை போகும் திசையிலேயே போவார். கூட்டத்தை நடுவில் பிளக்கமாட்டார். சாப்பிடும் இடத்திலிருந்து தள்ளி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பக்கத்தில் வருவதா வேண்டாமா என்பதைத் திமிங்கலம் முடிவு செய்யட்டும் என்று விடுவதுதான் முறை. சுருக்குமடி போட்டிருக்கும் மீன்பிடிக் கப்பல்களிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். வலை இழுக்கும் சத்தம் கேட்டே திமிங்கலங்கள் அங்கே கூடும், சில சமயம் வலைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மீனவர்களுக்கு அது பிழைப்பு. நடுவில் சுற்றுலாப் படகும் புகுந்தால் யாருக்கும் நல்லதில்லை.

தண்ணீரில் இறங்கி ஓர்க்காவோடு நீந்தலாம் என்கிறார்களே?

அப்படிக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டு ஓர்க்கா மனிதரைக் கொன்றதாகப் பதிவே இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும் நான் இறங்கவில்லை, இறங்கச் சொல்லவும் மாட்டேன். மீன் பந்துக்குப் பக்கத்தில் மிதக்கும்போது கீழிருந்து வருவது ஓர்க்கா மட்டும் இல்லை, முப்பது டன் கூன்முதுகும்தான். அது மீனைப் பார்த்து வாயைத் திறக்கிறது, உங்களைப் பார்த்து இல்லை. தண்ணீரின் குளிர் வேறு. அதைவிட, அவை சாப்பிடும் இடத்தில் போய் விழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நார்வேக்காரர்கள் இன்னும் திமிங்கலம் பிடித்துத் தின்கிறார்களாமே?

ஆமாம். வணிக வேட்டைக்கு 1986-இல் அமலுக்கு வந்த பன்னாட்டுத் தடையை நார்வே ஏற்கவில்லை. 1993-இல் வேட்டையை மறுபடி தொடங்கியது. பிடிப்பது மிங்கே என்ற சிறிய வகையை மட்டும், அதுவும் ஒதுக்கீட்டுக்குள், வசந்தத்திலும் கோடையிலும். ட்ரோம்சோ உணவகங்களில் அந்த இறைச்சி கிடைக்கும். வாங்கிச் சாப்பிடுவோரில் சுற்றுலாப் பயணிகளும் நிறைய. காலையில் திமிங்கலம் பார்த்துக் கண்கலங்கியவர் மாலையில் அதையே தட்டில் வாங்கிய கதையும் உண்டு. மெனு அட்டையில் 'ஹ்வால்' என்றிருந்தால் அதுதான். தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

குளிர் தாங்க முடியுமா?

பயந்த அளவுக்கு இல்லை. வட அட்லாண்டிக் வெந்நீரோட்டம் கரையைத் தொட்டுப் போவதால் ட்ரோம்சோ கடல் உறைவதில்லை. டிசம்பர், ஜனவரியில் சராசரி பூஜ்யத்துக்குக் கீழே மூன்று, நான்கு பாகைதான். கொல்வது காற்று. அசையாமல் இரண்டு மணி நேரம் மேல்தளத்தில் நிற்கும்போது குளிர் காலிலிருந்து ஏறும். உள்ளே கம்பளி உள்ளாடை, நடுவில் ஒரு கம்பளிச் சட்டை, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத உடை. உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வை நின்று குளிரும். ஷூ ஒரு அளவு பெரிதாக, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. கையுறையிலும் இரண்டு: மெல்லியது உள்ளே, தடித்தது மேலே. நம் ஊர்க் குரங்குக் குல்லாவைக் கிண்டல் செய்தவர்கள் இரண்டாம் நாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

குமட்டல் வருமா?

ஃபியோர்டுக்குள் பெரும்பாலும் தண்ணீர் அமைதி. தீவுகளுக்கு இடையே கடல் திறக்கும் இடங்களில் ஆட்டும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். எது, எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஊரிலிருந்தே வாங்கிப்போங்கள். வெறும் வயிறும் ஆகாது.

சைவம் கிடைக்குமா?

முன்பே எழுதிச் சொன்னால் கிடைக்கும். சொல்லாவிட்டால் மீன் சூப், மீன், உருளைக்கிழங்கு, மறுபடி மீன். ரொட்டியோடு பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி வைப்பார்கள், 'ப்ரூனோஸ்ட்' என்று பெயர். பால் திரிந்து பிரியும் தண்ணீரை வற்றக் காய்ச்சிச் செய்வது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் திரட்டுப்பாலில் உப்புப் போட்ட மாதிரி. எனக்குப் பிடித்தது, கூட வந்தவர் தொடவில்லை. ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப்போகலாம். ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் கலந்த பொருள்கள் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இன்னும் வடக்கே ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் பதனிடும் ஆலைகளில் 1980களில் இலங்கைத் தமிழர் பலர் வேலை செய்தார்கள்; பிறகு பெரும்பாலோர் தெற்கே ஆஸ்லோ பக்கம் போய்விட்டார்கள்.

கேமரா?

வெளிச்சம் குறைவு என்பதால் பெரிய துளை உள்ள லென்ஸ் வேண்டும். 70–200 மி.மீ. போதும், அதைவிட நீளமானதை ஆடும் கப்பலில் பிடிக்க முடியாது. ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் கீழே போகாமல் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) தயங்காமல் ஏற்றுங்கள், படத்தில் மணல் தெரிந்தாலும் பரவாயில்லை. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், இரண்டாவதைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். கூன்முதுகு மூழ்கும்போது தூக்கும் வாலின் அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. ஹேப்பிவேல் என்ற இணையதளத்தில் ஏற்றினால் வேறு எங்கே, எந்த ஆண்டு அதே திமிங்கலம் தென்பட்டது என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள்.

வடதுருவ ஒளியும் தெரியுமா?

வானம் தெளிந்தால் தெரிய நல்ல வாய்ப்பு. ஊர் வெளிச்சம் இல்லாத ஃபியோர்டில் கப்பல் நிற்பது வசதி. ஆனால் கப்பல் அசைவதால் படம் கலங்கும், சும்மா பாருங்கள்.

விசா, செலவு?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அப்படியே இன்னும் வடக்கே உள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளையும் பார்த்துவிடலாம் என்றால், அது ஷெங்கனுக்கு வெளியே. திரும்பி நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவுள்ள விசாவாக இருக்க வேண்டும். கப்பலில் ஒரு வாரம் என்றால் விமானத்தையும் சேர்த்து ஒரு ஆளுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகிவிடும், சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ட்ரோம்சோவில் தங்கி ஒருநாள் படகில் போவது அதில் ஒரு சிறு பங்குதான்.

வயதான பெற்றோரைக் கூட்டிப்போகலாமா?

என் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி. சிறுகப்பலின் படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், இரவில் கழிவறைக்குப் போக அதில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். அதனால் கூட்டிப்போகவில்லை. லிஃப்டும் சூடான கண்ணாடி அறையும் உள்ள பெரிய படகில் அடுத்த நவம்பரில் ஒரு நாள் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்போதே குல்லா பின்ன ஆரம்பித்துவிட்டார்.